காப்பு கட்டிய ஆட்டக்காரன்

டோஹாவில் நான் வேலை செய்த சலவைக்கூடத்தில் பிலிப்பைன்ஸ்காரர்கள்தான் அதிகம். தங்கும் அறையில் நான்கு கட்டில். மூன்றில் அவர்கள், நான்காவதில் நான். நம்மூரில் கிரிக்கெட் எப்படியோ, அவர்களுக்குக் கூடைப்பந்து அப்படி. வேலை முடிந்து வந்ததும் டிவியைப் போட்டுவிட்டுச் சண்டைக்கு உட்கார்ந்துவிடுவார்கள். ஆட்டத்தைப் பற்றிய சண்டை என்றால்கூடக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்கள் சண்டை ஆளைப் பற்றியது. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த ஒரு நெட்டையன், என் அம்மா உங்கள் நாட்டுக்காரி என்று சொல்லிக்கொண்டு அவர்களுடைய தொழில்முறைப் போட்டியில் ஆட வந்திருந்தான். அம்மா அந்த நாட்டுக்காரி என்றால் அவன் உள்ளூர் ஆள், இல்லையென்றால் வெளிநாட்டான். அம்மா உண்மைதான் என்றார் ஒருவர். அந்த ஊரில் அப்படி ஒருத்தியை யாருக்குமே தெரியாதாம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் இரண்டு பேரையும் ஏசினார்.

ஒரு நாள் மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நீ வெளியாள், உனக்குப் பக்கச்சார்பு இருக்காது, நீயே தீர்ப்புச் சொல் என்றார்கள். எனக்குப் பந்து விளையாட்டே தெரியாது என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அது பச்சைப் பொய். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்காக வருடக்கணக்கில் கரப்பந்து ஆடியவன் நான். இதே வழக்கை, இதே மாவை, பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பு வலிக்க அரைத்தவன். இன்னொரு நாட்டுக்கு வந்தும் அதையே அரைக்கத் தெம்பு இல்லை.

எங்கள் தோட்டம் இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில், ஓயா என்கிற ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்துத் தோட்டத்தை நாங்கள் அக்கரை என்போம். அவர்கள் எங்களை அக்கரை என்பார்கள். நடுவில் ஒரு பாலம், இரண்டு தோட்டத்துக்கும் அதுதான் எல்லை. வருடாவருடம் பங்குனி, சித்திரையில், மழை பிடிப்பதற்கு முன்னால், சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் சேர்த்துக் கரப்பந்துப் போட்டி நடக்கும். பரிசு என்று பார்த்தால் ஒரு கிண்ணமும் கைதட்டலும்தான். ஆனால் தோற்ற தோட்டத்துக்காரர்கள் அடுத்த வருடம் வரைக்கும் பஸ்ஸில் தலைகுனிந்துதான் உட்கார வேண்டும். நான் ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் கொழுந்து அரைக்கிற இயந்திரத்தில் வேலை பார்த்தேன். களத்தில் வலையோரம் நின்று பந்தைத் தூக்கிக் கொடுப்பது என் வேலை. தூக்கிக் கொடுத்ததை அடிக்கத்தான் எங்களிடம் ஆள் இல்லை.

அப்படி இருந்தபோதுதான் அவன் வந்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் இருந்தவரின் அக்கா மகன். அக்காவும் மச்சானும் எழுபதுகளில் இந்தியக் கடவுச்சீட்டு வாங்கித் தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள். இவன் பிறந்தது கோத்தகிரியில், அங்கேயும் தேயிலைத் தோட்டத்தில்தான். தகப்பன் செத்த பிறகு, மாமா வீட்டுக் கலியாணத்துக்கு என்று ஒரு மாத விசாவில் இங்கே வந்தான். அந்த ஒரு மாதம் முடியவேயில்லை. மாமாவோடு தங்கி, பேர் பதியாமல் கைக்காசுக்குத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தான். வயது இருபத்திரண்டோ மூன்றோ இருக்கும். அதிகம் பேசமாட்டான்.

ஒரு பின்னேரம் நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது ஓரமாக வந்து நின்றான். ஆள் குறைந்ததால் உள்ளே வரச் சொன்னேன். நாலு மணிக்கு மேல் எங்கள் மைதானத்தில் பனிமூட்டம் இறங்கிவிடும். தூக்கிய பந்து மேலே போய் மறைந்துவிட்டு எங்கேயோ வந்து விழும். நாங்களெல்லாம் பந்து தெரிகிற வரைக்கும் காத்திருந்து அடிக்கிறவர்கள். இவன் பந்து மறைந்த உடனேயே எகிறினான். இடது கையால் அடித்தான். எதிர்ப் பக்கத்தில் நின்றவன் பந்தைத் தேடிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கினான். நான் அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்கு முன்னால் அந்த மைதானத்தில் சிரித்ததில்லை.

"எங்க பழகுன?" என்று கேட்டேன்.

"அங்கதாண்ணே. கோத்தகிரில. அங்கயும் இப்படித்தான் மூட்டம்."

"அங்க ஒங்கள எப்புடிப் பாப்பாங்க?"

"சிலோன்காரவங்கன்னு சொல்வாங்க. எங்க லைனுக்கே சிலோன் லைனுன்னுதான் பேரு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "இங்க வந்தா இந்தியாக்காரன்னு சொல்றாங்க. என்னா செய்ய."

அந்த வருடம் நாங்கள் ஆடிய ஆட்டமெல்லாம் வென்றோம். அரையிறுதியிலும் வென்றோம். இறுதி ஆட்டம் அக்கரைத் தோட்டத்தோடு, அவர்கள் மைதானத்தில். அந்த வாரமே அவர்களிடமிருந்து முறைப்பாடு வந்துவிட்டது. எங்கள் அணியில் வெளிநாட்டு ஆள் ஆடுகிறாராம்.

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. தலைமை, பள்ளிக்கூடத்து அதிபர். யாழ்ப்பாணத்துக்காரர், பல வருடமாக எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். ஹட்டனுக்குப் போய் ஒரு இரவு தங்குவதென்றாலும் பொலிஸில் பதிந்துவிட்டுத்தான் தங்க வேண்டும் அவர். யுத்த காலம். நாலு தமிழர் கூடினால் ஒரு பொலிஸ்காரர் வந்து உட்கார வேண்டும் என்று இருந்த காலம். எங்கள் கூட்டங்களுக்கு நோர்வூட்டிலிருந்து ஒரு சிங்கள சார்ஜன்ட் வருவார். மோசமான மனிதர் அல்ல. வெளி விறாந்தையில் நாற்காலியைப் போட்டு, பாலில்லாத பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு பேப்பர் பார்ப்பார். அவருக்கு எவ்வளவு தமிழ் விளங்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோரும் பயந்து பயந்து பேசுவோம்.

அக்கரைத் தோட்டத்து யூனியன் தலைவர் எழுந்தார். வெள்ளை வேட்டி, மேலே கறுப்புக் கோட்டு, கையில் குடை. "சேர், அவரு இந்தியாவுல பொறந்த ஆளுங்க. தோட்டத்துக்காரவங்க வெளையாடுற எடத்துல வெளிநாட்டு ஆள எறக்குறது ஞாயமுங்களா?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குடையைப் பிடுங்கி உடைக்கலாம் போல இருந்தது. அடையாள அட்டையும் இல்லாமல், விசாவும் முடிந்துபோய் இருக்கிற ஒருவனைப் பற்றி, விறாந்தையில் பொலிஸ்காரர் இருக்கும்போது சொல்கிற பேச்சா அது? ஒரு கிண்ணத்துக்காக அவனை நாட்டைவிட்டே ஏற்றிவிடுவார்கள் போலிருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தலைவர் வீட்டுத் தகரப் பெட்டியிலேயே இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. போவதற்கு மூட்டை கட்டிவைத்திருந்தபோது கப்பல் நின்றுபோனதால் இங்கே இருப்பவர். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை. எங்கள் அணியில் ஆறு பேரில் இரண்டு பேர் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லை. அவர்கள் அணியில் கணக்கெடுத்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அலுப்புத்தான். "பிறந்த கதையை விடுங்கோ," என்றார் மெதுவாக. "விதியில என்ன கிடக்கு? தோட்டத்து ஆளாய் இருக்கவேணும் எண்டு கிடக்கு. தோட்டத்து ஆள் எண்டா ஆர்? அதைச் சொல்லுங்கோ."

சொல்லத் தொடங்கினார்கள். செக்ரோல் என்கிற சம்பளப் பதிவில் பேர் இருப்பவர் என்றார் ஒருவர். அப்படிப் பார்த்தால் பென்சன் வாங்கிய கிழவர்களும் பள்ளிக்கூடப் பையன்களும் தோட்டத்து ஆள் இல்லை. தோட்டத்தில் பிறந்தவர் என்றார் இன்னொருவர். அப்படியென்றால் கட்டிக்கொண்டு வந்த பெண்களெல்லாம் வெளியாளா என்று கேட்டார்கள். லயத்தில் குடியிருப்பவர் என்று ஒருவர் சொல்ல, டவுனில் கடை வைத்திருக்கிற தன் மகனை நினைத்து ஒருவர் சண்டைக்கு வந்தார். ஒரு மணித்தியாலம் இப்படியே போனது. அவன் பின் பெஞ்சில், தலையைக் கவிழ்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

கடைசியில் அக்கரைத் தலைவர்தான் வழியைச் சொன்னார். "இவ்வளவு பேச்சு எதுக்குங்க? அடுத்த வாரம் ஒங்க கோயில்ல திருவிழா. அவருக்குக் காப்பு கட்டுவீங்களா? கட்டுறதுன்னா சொல்லுங்க. நாங்க வாயத் தொறக்கமாட்டோம்."

எல்லோரும் அடங்கிவிட்டார்கள். ஏனென்றால் அது நியாயமான கேள்வி. மாரியம்மன் திருவிழா தொடங்குகிற அன்று, பூசாரி மஞ்சள் துண்டு வைத்த நூலை வீட்டுக்கு ஒருவர் கையில் கட்டுவார். தோட்டத்துக் குடும்பமாக இல்லாதவர்களுக்குக் கட்டமாட்டார். எத்தனையோ பேர் எத்தனையோ வருடம் குடியிருந்தும் காப்புக்குக் கை நீட்டாமல் இருந்திருக்கிறார்கள். தோட்டத்துத் துரைமார் மாறலாம், கம்பெனி மாறலாம், அரசாங்கம் ஆளை எண்ணலாம், எண்ணாமல் விடலாம். காப்பு விசயத்தில் மட்டும் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் தோட்டத் தலைவர் தன் மீசையைத் தொட்டுவிட்டு, "கட்டுவோம்" என்றார். அவனுடைய மாமா அழுதுவிட்டார். அதிபர், "அப்ப பிரச்சினை முடிஞ்சுது," என்று நாட்காட்டியைப் பார்த்து, விசாரணையால் தள்ளிப்போன இறுதி ஆட்டத்தைக் காப்புக் கட்டுக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தார். இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, ஒன்றாகவே இறங்கிப் போய்ப் பிளேன்ரீ குடித்தோம்.

இரண்டு தோட்டத்தில் இருந்தும் பெரிய மனிதர்கள், ஒரு அதிபர், பன்னிரண்டு ஆட்டக்காரர்கள். இத்தனை பேரில் ஒருவர் மூளையும் வேலை செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை காப்பு கட்டினார்கள். கோயில் முன்னால் வரிசையில் அவன் மாமாவுக்குப் பதிலாக நின்றான். குளித்த தலை காயவில்லை. பூசாரி வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கையை நீட்டினான். மூட்டத்துக்குள் பந்து அடிக்கிற அதே இடது கையை நீட்டியதால் பூசாரி அதட்டி, வலது கையை வாங்கிக் கட்டினார். கட்டி முடித்து முடிச்சை இறுக்கிக்கொண்டே, "திங்கக்கெழம மஞ்சத்தண்ணி முடியிற வரைக்கும் பாலம் தாண்டக்கூடாது. தெரியுமில்ல?" என்றார்.

தெரியும். எல்லோருக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். காப்பு கட்டியவர்கள் திருவிழா முடியும் வரை எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அம்மை வார்க்கும், அதுவும் தாண்டியவனுக்கு இல்லை, லயத்துப் பிள்ளைகளுக்கு. எங்கள் தலைவர் நின்ற இடத்திலேயே தலையில் கை வைத்துக்கொண்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். காப்புக் கட்டினால்தான் அவன் ஆடலாம், கட்டினால் ஆட வர முடியாது.

சனிக்கிழமை முழுக்க ஓடினோம். நாளை மாற்றச் சொல்லி அக்கரைக்கு ஆள் அனுப்பினோம். துரையைக் கூப்பிட்டாச்சு, பந்தல் போட்டாச்சு, மாற்ற முடியாது என்றார்கள். எங்கள் மைதானத்துக்கு வாருங்கள் என்று கேட்கலாமென்றால் அங்கே தேருக்குக் கொட்டகை போட்டிருந்தது. எங்கள் அணியில் ஒருவன் பூசாரியிடமே போய், பாலத்தைத் தாண்டக்கூடாது என்றுதானே இருக்கிறது, ஆற்றில் இறங்கிப் போனால் என்ன என்று கேட்டான்.

"அம்மனுக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார் பூசாரி. அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் புறப்பட்டபோது அவனும் கூடவே வந்தான். காலில் சப்பாத்துப் போட்டிருந்தான். மேலே அணியின் சட்டை. எனக்குள் ஒரு ஆசை; இவன் வந்துவிடுவான், காப்பை அவிழ்த்துவிட்டு ஆடிவிட்டு வந்து திரும்பக் கட்டிக்கொள்வான், யார் பார்க்கப் போகிறார்கள் என்று. நான் சாமி கும்பிடுகிறவன்தான். ஆனால் மூன்று வருடமாக அந்தத் தோட்டத்திடம் தோற்றுக்கொண்டிருந்தேன்.

பாலத்துக்கு வந்ததும் அவன் நின்றுவிட்டான். முதல் பலகைக்கு இந்தப் பக்கம்.

"வா, வா. நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

"இல்லண்ணே. நீங்க போங்க."

"நீ வராட்டி நாங்க தோத்துருவோம். ஒனக்குத் தெரியாதா?"

அவன் காப்பைப் பார்த்தான். மற்றவர்கள் பாலத்தில் பாதி தூரம் போயிருந்தார்கள். "அண்ணே, எங்கப்பா சொல்வாரு. இங்க போ போன்னு சொன்னாங்க, அங்க ஏன் வந்தன்னு கேட்டாங்கன்னு. போகாதன்னு ஒரு எடம் என்னையப் பாத்துச் சொல்றது இதான் மொதத் தடவ. எப்புடிண்ணே தாண்டுவேன்?"

நான் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அந்தத் தோட்டத்திலேயே பேர் பதிந்தவன். என்னையும் யாரும் போகாதே என்று சொன்னதில்லை. அப்படி ஒருவர் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. அவன் சொன்ன பிறகுதான் தோன்றியது. பாலத்தைத் தாண்டிப் போனேன்.

மூன்று செட்டும் தோற்றோம். நான் தூக்கிக் கொடுத்த பந்துகள் அந்தரத்தில் நின்று கீழே விழுந்தன. கிண்ணத்தை வாங்கிய கையோடு அக்கரைத் தலைவர் என்னிடம் வந்தார். "எங்க அந்தத் தம்பி? பயந்துட்டாரா?" என்றார். காப்பு கட்டியிருக்கிறது என்றேன். மனிதர் முகம் மாறிவிட்டது. "அடடா," என்று நாக்கைக் கடித்தார். "நானும் யோசிக்கலயே. கட்டுனவரு எப்புடி வருவாரு?" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு பாலத்துப் பக்கம் பார்த்தார்.

திங்கட்கிழமை மஞ்சள் நீராட்டு முடிந்து எல்லோரும் ஆற்றங்கரையில் வரிசையாக நின்று காப்பை அவிழ்த்துக்கொண்டார்கள். அவன் வரிசையில் தனக்குப் பின்னால் நின்றவர்களையெல்லாம் முன்னால் போகச் சொன்னான். கடைசி ஆளாகத்தான் கையை நீட்டினான். நீட்டவும் மனசில்லாமல் நீட்டினான். பெண்கள் கேலி செய்தார்கள்.

அந்த வருடக் கடைசியில் ஹட்டனுக்குப் போன பஸ்ஸை மறித்துச் சோதித்தபோது அவனைப் பிடித்துவிட்டார்கள். அடையாள அட்டை இல்லை. நோர்வூட் பொலிஸில் வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அவன் மாமா கதவை மூடிக்கொண்டார். இந்தியா என்று தெரிந்தால் தன் குடும்பத்தையும் கிளறுவார்கள் என்று பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தலைவரிடம் ஓடினேன். அவர் யூனியன் கூட்டத்துக்காகக் கொழும்பு போயிருப்பதாகச் சொன்னார்கள். உள்ளே அவர் இருமிய சத்தம் கேட்டது.

வேறு வழியில்லாமல் பாலம் தாண்டி அக்கரைத் தலைவரிடம் போனேன். அந்த சார்ஜன்ட் அவருக்குப் பழக்கம். போகிற வழி முழுக்க, முறைப்பாடு செய்த மனிதரிடமே போகிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டு போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விசயத்தைக் கேட்டதும் கையைக் கழுவிவிட்டுக் கோட்டைப் போட்டார். என் சிங்களம் நன்றாக இருக்கும் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

ஸ்டேஷனில் சார்ஜன்ட், "மேயா கவுத?" என்று அவனைக் காட்டிக் கேட்டார், இவன் யார் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் தன் உடைந்த சிங்களத்தில் முந்திக்கொண்டார். "அபே வத்தே மினிஹெக், மாத்தயா."

எங்கள் தோட்டத்து ஆள் என்றார். அவருடைய தோட்டத்து ஆள். எந்த லயம் என்று கேட்டதற்குத் தன் லயத்தின் இலக்கத்தைச் சொன்னார். அட்டைக்கு எழுதிப்போட்டிருக்கிறது, வரவில்லை என்றார். அங்கே பாதிப் பேருக்கு அதுதான் கதை என்பதால் சார்ஜன்ட் மேலே கேட்கவில்லை. பொறுப்பெடுக்கிறவர் நீங்கள், ஆள் உங்கள் தோட்டத்தை விட்டுப் போகக்கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார். வெளியே வந்து நான் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுங்க தம்பி, விடுங்க," என்றார் அவர். "என் தோட்டமுன்னு சொன்னாத்தான் விடுவாரு. வேற என்னத்தச் சொல்ல?"

அப்படித்தான் அவன் அக்கரைக்குக் குடி போனான். பொலிஸில் ஒரு சொல் சொன்னால் அது நடந்தாக வேண்டுமே. அடுத்த பங்குனியில் அக்கரை அணிக்கு ஆடினான். அரையிறுதியில் எங்களை அடித்து நொறுக்கினான். அவன் எதிர்ப்பக்கம் எகிறும்போது பந்து எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எடுக்க முடியவில்லை. ஆட்டம் முடிந்து கைகொடுத்தபோது, "மன்னிச்சிருங்கண்ணே," என்றான்.

அந்த வாரம் முறைப்பாடு செய்தது நாங்கள்.

அதே பள்ளிக்கூடம், அதே அதிபர், விறாந்தையில் அதே சார்ஜன்ட். எங்கள் தலைவர் எழுந்து நின்றார். போன வருடம் இதே ஆளுக்கு எங்கள் கோயிலில் காப்பு கட்டியது உலகத்துக்கே தெரியும், அக்கரைக்கு எப்படி ஆடலாம் என்றார். ஆபத்துக்கு நின்றவர்கள் நாங்கள், எங்கள் லயத்தில் இருப்பவர் எங்கள் ஆள்தான் என்றது அக்கரை. எங்கள் ஆள், எங்கள் ஆள் என்று இரண்டு பக்கமும் கத்தியது. முதலில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. பின் பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இரண்டு தோட்டமும் தனக்காக அடித்துக்கொள்வதைப் பார்க்க யாருக்குத்தான் சந்தோசமாக இருக்காது? எனக்கும் அவனைப் பார்க்கச் சந்தோசமாகத்தான் இருந்தது.

எங்கள் தலைவருக்கு வாதம் தோற்றுக்கொண்டு வந்தது. மேசையில் ஓங்கி அடித்தார். "ஆளு எங்களுக்குத்தான். எங்களுக்கு இல்லன்னா யாருக்கும் இல்ல. அவரு எங்கேருந்து வந்தாருன்னு நான் சொல்லணுமா? சொல்லவா?"

அவன் சிரிப்பு நின்றது. அக்கரைத் தலைவர் விறாந்தைப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். பேப்பர் கீழே இறங்கியிருந்தது. காப்புக் கட்டுவோம் என்று சொன்ன மனிதர், மாமா அழுதபோது தோளைத் தட்டிக்கொடுத்த மனிதர், ஒரு அரையிறுதிக்காக அவனைப் பிடித்துக்கொடுக்கத் தயாராக நின்றார். நான் அவருடைய அணியின் ஆள். அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். அதைக் கழற்றி எறியலாம் போல இருந்தது.

அதிபர் பின் பெஞ்சைப் பார்த்தார். "தம்பி, ரெண்டு வருசமாய் உம்மைப் பற்றித்தான் கதைக்கிறம். உம்மை ஒருத்தரும் கேக்கேல்லை. நீர் சொல்லும். நீர் எந்த ஊர்?"

அவன் எழுந்தான். எங்கள் தலைவரைப் பார்த்தான். அக்கரைத் தலைவரைப் பார்த்தான். கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை. முகத்தில் அதுகூட இல்லை.

"கோத்தகிரிங்க சேர்," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்தியா. அங்கதான் பொறந்தேன். இவங்க யாரும் எனக்காகச் சண்ட போட வேணாம். போதும்."

விறாந்தையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சார்ஜன்ட் பிளேன்ரீக் கோப்பையோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, சிங்களம் தெரிந்தவன் என்று என்னைப் பார்த்தார்.

"மொகத கிவ்வே?" என்றார். என்ன சொன்னான்?

அக்கரைத் தலைவர் குடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். எங்கள் தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மட்டும் நேராக நின்றான்.

"மஹன்சிலு, மாத்தயா," என்றேன். களைப்பாக இருக்கிறதாம், ஐயா.

சார்ஜன்ட் அவனை மேலும் கீழும் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோப்பையில் மிச்சம் இருந்ததைக் குடித்து முடித்தார்.

"மட்டத் மஹன்சி," என்றார். எனக்கும்தான். சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு பஸ் பாதைக்கு இறங்கிப் போனார்.